கேட்பவர் முகம் அறிந்த எழுத்து



கவிஞர் நிறைந்த அவையில் மர்மப் புதினம் பற்றிப் பேச வந்துள்ளேன். முன் வரிசையில் சிலர் புன்னகைப்பது தெரிகிறது. நாடக ஆசிரியர் ப. கண்ணன் தம் பெயரோடு இணைத்துக்கொண்ட ஊர் இது. கதைத் திருப்பத்தின் அருமை இவ்வூர்க்குத் தெரியும் என்னும் துணிவில் தொடங்குகிறேன்.

எங்கள் வீட்டில் அம்மா தறிக்குத் தார் சுற்றுவார். எழுதப் படிக்க அறியாதவர். மாத நாவல்களை நான் உரக்கப் படிப்பேன். பாதிக் கதையிலேயே, "அந்தக் கணக்குப்பிள்ளைதான் கண்ணு திருடன்" என்பார். எப்படியென்று கேட்டால், "அவன் ஒருத்தன்தான் யாரும் கேக்காமயே பதில் சொல்றான்" என்பார். பெரும்பாலும் அவர் சொன்னதே நடக்கும். பின்னாளில் அந்நூல்களை முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்ய விழைந்தபோது, அவை இலக்கியம் ஆகா என்றனர். நானும் மறுத்துரையாமல் வேறு தலைப்புக்கு மாறிக்கொண்டேன். அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை.

வை.மு. கோதைநாயகி அம்மாளை அப்போதே முறையாகப் படித்திருந்தால் மறுத்துப் பேசியிருப்பேன். 1901-இல் பிறந்தவர், ஐந்து வயது கடந்ததும் மணம் முடிந்தது, பள்ளிக்கூடம் கண்டதில்லை. ஆனால் கதையின்மேல் தீராத காதல். அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வார். கணவர் பார்த்தசாரதி நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். பார்த்த நாடகங்கள் அவருக்குள் சொந்த நாடகமொன்றை முளைக்கச் செய்தன. சரளமாக எழுதும் பழக்கம் இல்லை. அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். 1924-இல் 'இந்திரமோகனா' நூலாயிற்று. அடுத்து 'வைதேகி' என்னும் புதினம். துப்பறியும் கதைகளால் புகழ்பெற்ற வடுவூர் துரைசாமி ஐயங்காரின் துணை அதற்குக் கிட்டியது. 1925 முதல் 'ஜகன்மோகினி' இதழ் அவர் கையில். குடும்பம், பிள்ளை, மேடைப்பேச்சு, விடுதலைப் போரில் சிறைவாசம், இவற்றினூடே 115 புதினங்கள்! அத்தனையும் சிறந்தவை என்று நான் வாதாடமாட்டேன். அவசரத்தில் விளைந்தவையும் உண்டு.

என் கவனம் அந்தத் திண்ணைக் கதைகளில் நிற்கிறது. எதிரே குழந்தைகள் இருக்கையில், எதைச் சொல்வது என்பதைவிட எதை இப்போது சொல்லாமல் வைப்பது என்பதே கதைசொல்லியின் கவலை. ஒரு குழந்தை கொட்டாவி விட்டால் கதை தோற்றது. மர்மப் புதினத்தின் இலக்கணம் முழுவதும் இதற்குள் அடங்கும். குறிப்பை மறைக்கவும் கூடாது, காட்டிக்கொடுக்கவும் கூடாது. யாப்பறிந்த உங்களுக்கு இக்கட்டுப்பாடு புதிதன்று.

வங்கத்தில் சத்யஜித் ராய் செய்ததும் இதுவே. பாட்டனார் 1913-இல் தொடங்கிய 'சந்தேஷ்' சிறுவர் இதழை 1961-இல் மீட்டெடுத்தார். 1965-இல் அவ்விதழிலேயே ஃபெலுடா என்னும் துப்பறிவாளர் பிறந்தார். படிப்போர் சிறுவர் என்பதால் பெரியோர்க்குரிய காமக் குற்றங்களை விலக்கினார். கதை சொல்பவனும் தோப்ஷே என்னும் பதின்வயதுப் பையன். விலக்கியதால் கதை மெலியவில்லை, புதிர் கூர்மையாயிற்று. நமக்கும் தமிழ்வாணனின் சங்கர்லால் இருந்தார், வாண்டுமாமா இருந்தார். ஆயினும் பதின்மூன்றுக்கும் பதினேழுக்கும் இடைப்பட்ட பிள்ளைக்கு இன்று தமிழில் எதைக் கொடுப்பது?

ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகன் இதைக் கேட்டான். ஆங்கிலத்தில் அவனுக்கு அடுக்கடுக்காகக் கிடைக்கிறது. தமிழாசிரியை வீட்டு அலமாரியில் அவன் வயதுக்கு இரண்டே நூல்கள்.

ஆகவே நானே எழுதத் துணிந்தேன். நம் ஊர்தான் களம். பாவு நூல் கட்டு ஒன்று காணாமற்போகிறது. இரவில் ஒவ்வோர் இயலாக மகனுக்கும் அம்மாவுக்கும் படித்துக் காட்டுகிறேன். மூன்றாம் இயலிலேயே அம்மா திருடனைக் கண்டுபிடித்துவிட்டார். மகன் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. "பாட்டி, சொல்லிடாதீங்க" என்று அவர் வாயைப் பொத்தினான். அவ்வியலைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.