கிணறும் கணக்கும்

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணறு ஒன்றிலே நான்கு குடும்பங்களுக்குப் பங்கு உண்டென்று வைத்துக்கொள்வோம். யாருக்கு எந்த நாளில் தண்ணீர் முறை என்பது பிணக்கின்றி நடந்துவரும். ஆனால் ஒருநாள் துலா முறிந்துவிடுகிறது. பங்காளர் நால்வருள் ஒருவர் முன்னின்று, தமது வளவில் நின்ற மரத்தையே தறித்துப் புதுத் துலா இடுவிக்கிறார். மரத்துக்கு என்ன விலை போடுவது? வேலையாட்களோடு அவர் நின்ற நாட்களுக்குக் கூலி உண்டா? தச்சனுக்கு அவர் கொடுத்ததாகச் சொல்லும் தொகையை மற்றை மூவரும் அப்படியே ஏற்க வேண்டுமா? நீரைப் பங்கிடுவது எளிது. செலவைப் பங்கிடுவதே அரிது.

இதே கேள்விகள் ஐக்கிய அமெரிக்காவின் எண்ணெய் வயல்களிலே பன்மடங்கு பெரியனவாய் எழுந்தன. அவற்றுக்கு ஒழுங்கான விடை காண்பதற்கு உழைத்தவர்களுள் உள்ளூர்க் கணக்காளர் சங்கங்களுக்குச் சிறப்பான இடம் உண்டு. செல்வந்தர்களின் பெயர்கள் எண்ணெய் வரலாற்றிலே பெரிய எழுத்துக்களில் காணப்படுகின்றன. கணக்கேட்டின் முன் அமர்ந்திருந்தோரின் பெயர்களோ வெளியுலகம் அறியாதவை. அவர்கள் செய்த காரியம் இன்றும் நிலைத்து நிற்கிறது.

1859 ஆம் ஆண்டிலே பென்சில்வேனியா மாநிலத்தின் ரைற்றஸ்வில் என்னும் ஊரில், ஏறக்குறைய 69 அடி ஆழத்தில் எட்வின் டிரேக் என்பவர் எண்ணெய் கண்டார். அக்காலத்தில் எண்ணெயை அளப்பதற்குத் தனி அளவை இருக்கவில்லை. கையிற் கிடைத்த மரப்பீப்பாய்களிலெல்லாம் நிரப்பி விற்றனர். பீப்பாய் கசியும், வண்டியிலும் படகிலும் ஏறி இறங்குகையில் எண்ணெய் சிந்தும். வாங்குவோர் தாம் ஏமாற்றப்பட்டதாகக் குறைகூறினர். 1866 ஆம் ஆண்டில் எண்ணெய் எடுப்போர் கூடி, நாற்பது கலனுக்கு விலை பெற்று, அதன்மேல் இரண்டு கலனை வாங்குவோர் நலங்கருதி விட்டுக்கொடுப்பதென உடன்பட்டனர். இன்று உலகச் சந்தையிலே எண்ணெய் விலை கூறப்படும் பீப்பாய் 42 கலன் கொண்டதாய் இருப்பதன் காரணம் இதுவே. நாணயமான கணக்கின்றி வணிகம் நிலைக்காது என்பதை அத்தொழில் தன் குழந்தைப் பருவத்திலேயே கற்றுக்கொண்டது எனலாம்.

பின்னர் எண்ணெய் வேட்டை மேற்கு நோக்கிச் சென்றது. ஒக்லகோமாப் பகுதியில், துல்சா என்னும் சிற்றூருக்கு அண்மையிலுள்ள ரெட் போர்க்கில் 1901 ஆம் ஆண்டு எண்ணெய் கிடைத்தது. 1905 ஆம் ஆண்டில் கிளென் பூல் என்னும் பெருவயல் கண்டுபிடிக்கப்பட்டது. 1900 ஆம் ஆண்டில் 1,390 பேர் வாழ்ந்த துல்சாவிலே 1920 ஆம் ஆண்டில் 72,075 பேர் வாழ்ந்தனர். உலகத்தின் எண்ணெய்த் தலைநகர் என்று அவ்வூரார் தம் நகரத்தைப் பெருமையுடன் அழைக்கலாயினர். கம்பனிகள் வந்தன, அவற்றைத் தொடர்ந்து இலிகிதர்களும் கணக்காளர்களும் வந்தனர்.

எண்ணெய்க் கணக்கு ஏனைய வணிகக் கணக்கைப் போன்றதன்று. தோண்டும் கிணறு வறண்டதாகவும் போகலாம். ஆதலின் தனியொருவர் முழுச் செலவையும் தாங்கத் துணிவதில்லை. பலர் கூடித் தோண்டுகின்றனர். நிலச்சொந்தக்காரர் குத்தகை கொடுத்து, செலவெதுவும் ஏற்காது, விளைவில் ஒரு பங்கைப் பெறுவார். எட்டில் ஒன்று என்பது நெடுங்காலம் வழக்கிலிருந்த அளவு. எஞ்சியது செலவு செய்தோருக்குரியது. அவர்களுள் ஒருவர் நடத்துநராக நின்று கிணற்றைத் தோண்டுவிப்பார். மற்றையோர் மாதந்தோறும் வரும் கணக்குச் சிட்டையைக் கண்டு பணம் அனுப்புவர். அவர்களுட் பலர் கிணற்றைக் கண்ணாலும் கண்டிராதவர்கள். அவர்களுக்குக் கிணறு என்பது அந்தச் சிட்டையே.

ஒவ்வோர் ஒப்பந்தமும் ஒவ்வொரு விதமாகக் கணக்கு வைக்கும்படி கூறியபோது, பத்து வயல்களிற் பங்குள்ள கம்பனியின் கணக்காளர் பத்து முறைகளைக் கைக்கொள்ள நேர்ந்தது. நடத்துநரின் களஞ்சியத்திலிருந்து எடுத்த பழைய இரும்புக் குழாய்க்குப் புதுக்குழாயின் விலையா? தலைமை அலுவலகத்துச் செலவில் எத்துணைப் பகுதி இக்கிணற்றைச் சாரும்? இவை போன்ற வினாக்கள் கடிதமேல் கடிதமாக வளர்ந்தன. சில நீதிமன்றம் வரை சென்றன.

இந்நிலையிற்றான் கணக்காளர்கள் தம்முள் கூடிப் பேசத் தலைப்பட்டனர். ஒக்லகோமாப் பெற்றோலியக் கணக்காளர் சங்கம் அவ்வாறு அமைந்த சங்கங்களுள் ஒன்று. கூட்டுக் கிணறுகளுக்கான கணக்கு நடைமுறைப் பத்திரம் ஒன்றை 1955 ஆம் ஆண்டில் அச்சங்கம் வகுத்தது. அடுத்த ஆண்டில், 610 என்னும் இலக்கமுடைய மாதிரிக் கூட்டு நடத்தல் ஒப்பந்தம் துல்சாவிலே அச்சாகி வெளிவந்தது. இத்தகைய ஒப்பந்தங்களுக்குக் கணக்கு நடைமுறையையும் ஓர் இணைப்பாகச் சேர்ப்பது வழக்கமாயிற்று. ஒப்பந்தம் எழுதுவோர் இனி ஒவ்வொரு முறையும் புதிதாகச் சண்டையிட வேண்டியதில்லை. அச்சிட்ட தாளிலே வெற்றிடங்களை நிரப்பினாற் போதும்.

அந்நடைமுறைகள் காலந்தோறும் திருத்தப்பட்டு வந்தன. அவற்றின் சாரத்தை நேயர்கள் அறிதல் நன்று. பொருள்களை நிலைமைக்கேற்ப வகுத்து விலையிடுதல் ஒரு விதி: புதியதற்கு முழுவிலை, நல்ல நிலையிலுள்ள பழையதற்கு நூற்றுக்கு 75, பழுதுபார்த்த பின்னரே பயன்படத் தக்கதற்கு நூற்றுக்கு 50 எனப் பிற்காலப் பத்திரங்கள் வகுத்தன. தலைமை அலுவலகச் செலவுக்காகக் கிணறு ஒன்றுக்கு மாதம் இவ்வளவு என ஒரு தொகையை முன்னரே குறித்து, ஆண்டுதோறும் கூலி மட்டத்துக்கு ஏற்ப அதனை மாற்றுதல் மற்றொரு வழி. பங்காளர்கள் ஆண்டு முடிந்தபின் இருபத்துநான்கு மாதங்களுக்குள் நடத்துநரின் ஏடுகளைக் கணக்காய்வு செய்யலாம். பணம் செலுத்திவிட்டதனால் மாத்திரம் ஒருவர் கேள்வி கேட்கும் உரிமையை இழப்பதில்லை. இவையனைத்துக்கும் அடிப்படை ஒன்றுண்டு: நடத்துநர் என்ற காரணத்தால் ஒருவர் ஏனையோரிடம் இலாபம் பெறவும் கூடாது, நட்டம் அடையவும் கூடாது.

போட்டிக் கம்பனிகளின் ஊழியர்கள் எவ்வாறு இத்தகைய நடுநிலை விதிகளுக்கு உடன்பட்டனர் என்று நேயர்கள் வியக்கலாம். காரணம் எளியது. ஒரு கிணற்றிலே நடத்துநராக நிற்கும் கம்பனி, அடுத்த கிணற்றிலே வெறும் பங்காளராக நிற்கும். இன்று சிட்டை அனுப்புபவர் நாளை சிட்டை பெறுபவர். நடத்துநருக்குச் சாதகமாக விதியை வளைத்தால் அவ்வளைவு வேறொரு வயலிலே தம்மையே வந்து தாக்கும். ஆகையால், இருபுறமும் நின்று பார்த்தவர்கள் நடுவழியைத் தேர்ந்தனர். பிறரது இடத்திலும் தம்மை வைத்துப் பார்க்கும் கட்டாயம் எங்கு உண்டோ அங்கு நீதி பிறப்பது எளிதாகின்றது.

1961 ஆம் ஆண்டில் பல நகரங்களின் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து பெற்றோலியக் கணக்காளர் சங்கங்களின் பேரவையை நிறுவின. பேரவையின் பெயரால் 1962 ஆம் ஆண்டில் ஒரு நடைமுறைப் பத்திரம் வெளிவந்தது. 1974 ஆம் ஆண்டிலும் 1984 ஆம் ஆண்டிலும் நிலக் கிணறுகளுக்கும், 1976 ஆம் ஆண்டிலும் 1986 ஆம் ஆண்டிலும் கடற்கிணறுகளுக்கும், பின்னர் 2005 ஆம் ஆண்டிலும் புதிய பத்திரங்கள் தொடர்ந்தன. கனடாவின் கணக்காளர்களும் தமக்கெனச் சங்கம் அமைத்துத் தம் நாட்டுக்கேற்ற நடைமுறைகளை எழுதிக்கொண்டனர். இப்பத்திரங்கள் அரசாங்கச் சட்டங்கள் அல்ல. விரும்பினோர் ஏற்கலாம், ஒரு வரியை வெட்டலாம், மாற்றலாம். கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லாத ஒரு சங்கத்தின் எழுத்து இத்துணைக் காலம் மதிக்கப்பட்டு வருவதே அதன் தகுதிக்குச் சான்று.

எனினும், இவ்விதிகளின் எல்லையையும் சொல்லாது விடுதல் முறையன்று. இவை செலவிற் பங்குகொள்வோரிடை மாத்திரம் செல்லும். வேறொரு புறத்தே கணக்கு எவ்வளவு கொடியதாகலாம் என்பதற்குத் துல்சாவின் வடமேற்கே வாழ்ந்த ஓசேஜ் மக்களின் கதை சான்று. அவர்களுடைய நிலத்தின்கீழுள்ள எண்ணெய், 1906 ஆம் ஆண்டுச் சட்டப்படி, இனத்தவர் அனைவருக்கும் பொதுவானது. 2,229 பங்குகளாக அதன் வருவாய் பிரிக்கப்பட்டது. ஆனால் பணத்தைக் கையாளும் பொறுப்பு அரசாங்கத்திடமும், பல குடும்பங்களின் விடயத்தில் நீதிமன்றம் நியமித்த பாதுகாவலரிடமும் இருந்தது. பாதுகாவலர் சிலர் கொள்ளையிட்டனர். 1920 ஆம் ஆண்டுகளிலே பங்குகளைக் கவரும் நோக்குடன் கொலைகளும் நிகழ்ந்தன. 1925 ஆம் ஆண்டில் பங்குகள் பிறர் கைக்கு மரபுரிமையாகச் செல்வதைக் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றப்பட்டது. பொறுப்பேற்ற பணத்தைச் சரிவரப் பேணவில்லை என்று அம்மக்கள் தொடுத்த வழக்கிலே, 2011 ஆம் ஆண்டில், 380 மில்லியன் டொலர் கொடுத்து அரசாங்கம் இணக்கம் செய்துகொண்டது.

ஒரே மாநிலத்தில், ஒரே எண்ணெயைப் பற்றிய இரு கணக்குகள் இவை. ஒன்றிலே கேட்பவருக்கு ஏட்டைத் திறந்து காட்டும் கடமை எழுத்தில் இருந்தது. கேட்பவரும் சொல்பவரும் சமமாக அமர்ந்தனர். மற்றையதிலே உரியவர் ஒருவர், ஏட்டை வைத்திருந்தவர் வேறொருவர். கேட்கும் வலிமை உரியவருக்கு வாய்ப்பதற்குத் தலைமுறைகள் சென்றன.

கணக்கு என்றதும் அதனை வறண்ட கலை என்று ஒதுக்குவோர் பலர். கூட்டுறவுச் சங்கத்திலும் கோயிற் பரிபாலனத்திலும் கிராமத்துக் கிணற்றிலும் நாம் காணும் பிணக்குகளுட் பல, கெட்ட மனத்தினால் அன்றி, எழுதப்படாத கணக்கினாலேயே விளைகின்றன. வேலை தொடங்குமுன்னரே விதியை எழுதுக. எழுதும்போது நாளை நாம் எப்பக்கத்தில் நிற்போம் என்பதை அறியாதவர்போல் எழுதுக. எழுதியபின் ஏட்டைத் திறந்து வைத்திருக்க. துல்சா நகரத்துக் கணக்காளர்கள் கற்றுக்கொண்ட பாடம் இம்மூன்றுமே. எண்ணெய் ஊறாத மண்ணிலும் இப்பாடம் பயன் தரும்.