சிறுவரும் வாசிப்பும்



நம் ஊர்ச் சிறுவர் வாசிப்பதில்லை என்று குறைகூறுவது எளிது. அவர்கள் கையில் நாம் கொடுப்பது என்ன? மூன்றாம் வகுப்பு முடியுமுன்னரே புலமைப்பரிசில் பரீட்சையின் மாதிரி வினாத்தாள்கள்! விடையின்கீழ்க் கோடிடக் கற்ற பிள்ளை, தன் வீட்டுப் பசுவைப்பற்றி நான்கு வரி எழுதென்றால் பென்சிலைக் கடித்துக்கொண்டிருக்கிறது.

ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிலே பாடசாலை தொடங்கினார். பிள்ளைகளுக்கேற்ற வசன நூல்கள் வேண்டுமென்று கண்டு, பாலபாடங்களைத் தாமே எழுதி அச்சிடுவித்தார். மிஷன் பாடசாலையிற் படித்த அவர் (நாமும் அப்படியொன்றிற் படித்தவர்களே) அங்குக் கண்ட நல்ல முறைகளை நம் பிள்ளைகளுக்கு ஆக்கிக்கொள்ளக் கூசவில்லை.

கட்டடம் வேண்டுமே என்பீர்கள். 1933இல் கே. எம். செல்லப்பா அவர்கள் தம் வீட்டிலிருந்து நூல்களை இரவல் கொடுத்ததிலன்றோ யாழ்ப்பாணப் பொது நூலகம் முளைத்தது? 1981இல் அது எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அங்கிருந்தன.

ஆகவே ஒன்று கேட்கிறோம். வெள்ளிதோறும் மாலையில் வாலிபர் இருவர் சங்க மண்டபத்திற் பாய் விரித்து, நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவரின் சிறுவர் பாடல்களையோ நல்ல கதையொன்றையோ உரக்க வாசிக்கட்டும். பின்னர் ஒவ்வொரு பிள்ளையும் அம்மம்மா சொன்ன கதையொன்றைத் தன் சொல்லிலேயே கொப்பியில் எழுதட்டும். எழுத்துப்பிழைக்கு அன்று சிவப்பு மை வேண்டாம், பண்டிதர்கள் பொறுத்தருள்க! எழுதிய பிள்ளையே எழுந்து வாசிக்கும். பெரியோர்கள் வந்திருந்து கேட்டாற் போதும். பாய்கள் எம்மிடம் உள்ளன. புத்தகம் கொண்டுவருவோர் யார்?