முதல் மணி அடிக்கும் முன்னால்

(சங்க ஆண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சின்னப் பிள்ளைகளின் மனநலம் பற்றிப் பேச வேண்டும் என்று செயலாளர் போன் பண்ணினார். நான் டாக்டர் இல்லையே என்றேன். "முப்பத்திரண்டு வருஷம் தொடக்கப் பள்ளியிலே இருந்திருக்கியே, அது போதும்" என்றார். ஆகவே நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் கடலோரப் பள்ளி ஒன்றில் எனக்கு மூன்றாம் வகுப்பு. ஒரு பையன் பாடம் நடக்கும்போதே கன்னத்தை உப்பிக்கொண்டு, கண்ணை மூடி மூச்சை அடக்குவான். முகம் சிவந்து போகும். பக்கத்தில் இருப்பவன் விரல் விட்டு எண்ணுவான். சேட்டை என்று நினைத்து இரண்டு நாள் வெளியே நிற்க வைத்தேன். மூன்றாம் நாள் அவன் ஆச்சி வந்துவிட்டார்.

"டீச்சர், இவங்க அப்பா சங்கு குளிக்கப் போறவன். போன வாரம் கூடப் போன ஆள் ஒருத்தர் மேல வந்ததும் மயங்கி விழுந்துட்டாரு. அதைக் கேட்டதுல இருந்து இவன் இப்படித்தான். தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் இருக்க முடியும்னு பாக்கான்."

முத்துக்குளிப்பு நம் கடலில் 1961-ஓடு நின்றுவிட்டது. சங்குக்கு இன்றும் இறங்குகிறார்கள். இது எனக்குத் தெரியாததா? நானும் இந்த ஊர்க்காரிதான். ஆனால் கேட்கத் தோன்றவில்லை.

அவனைக் கூப்பிட்டு, அப்பா எத்தனை மணிக்குக் கரைக்கு வருவாங்க என்று கேட்டேன். "மூணு மணி வாக்குல" என்றான். கடிகாரம் பார்க்கச் சொல்லிக் கொடுத்தேன். மூன்று மணிக்கு வாசல் வரை போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். மூச்சடக்குவது உடனே நின்றுவிடவில்லை. ஒரு மாதம் போல வாசலுக்குப் போய் வந்தான். பிறகு போவது குறைந்தது. வகுப்பிலே முதன்முதலில் மணி பார்க்கக் கற்றுக்கொண்டவன் அவன்தான்!

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பிள்ளைகளை அடிப்பதோடு மனத்தளவில் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. நான் அவனை அடிக்கவில்லை, வெளியேதான் நிறுத்தினேன். அந்தப் பிரிவைப் படித்தபோது அவன் முகம்தான் முன்னால் வந்தது.

இன்னொன்று, பசி. உப்பளத்துக்குப் போகிற தாய்மார்கள் விடியும் முன்னே கிளம்பிவிடுகிறார்கள். பிள்ளை தானே எழுந்து, தானே தலை சீவி, வெறும் வயிற்றோடு வரும். பத்து மணிக்குச் சிடுசிடுப்பு, சண்டை. அதை நாம் குணம் என்று எழுதி வைத்துவிடுகிறோம். காமராஜர் 1956-இல் மதிய உணவைத் தொடங்கிய எட்டயபுரம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. காலை உணவுக்கு 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. உப்புமாவும் பொங்கலும் வந்த பிறகு பல "முரட்டுப் பிள்ளைகள்" எங்கே போனார்கள் என்று தெரியவில்லை.

2023 டிசம்பர் 17, 18 மழை உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல். ஜனவரியில் பள்ளி திறந்ததும், போர்ஷன் முடியாது என்று உதவி ஆசிரியை பதறினார். நியாயம்தான். இருந்தாலும் ஒரு வாரம் புத்தகத்தை எடுக்க வேண்டாம் என்றேன். சுனாமிக்குப் பிறகு நிம்ஹான்ஸ் மருத்துவர்கள் கடலோரப் பிள்ளைகளுக்குச் செய்த முறைதான்: வரைய விடு, விளையாட விடு, சொல்ல வந்தால் கேள், தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே காரியம். ஒரு சிறுமி நாலு நாளும் ஆட்டுக்குட்டியை மட்டுமே வரைந்தாள். ஐந்தாம் நாள்தான், அது தண்ணீரில் போனதைச் சொல்லி அழுதாள். "அழாதே" என்று யாரும் சொல்லக் கூடாது என்று முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். வானம் கறுத்தால் ஜன்னலைப் பார்க்கிற பிள்ளைகள் ஏப்ரல் வரை இருந்தார்கள். போர்ஷன், சொல்லப் போனால், மார்ச்சில் முடிந்துவிட்டது.

இங்கே ஆசிரியைகளாக இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் மணிக்கு முன்னால் பத்து நிமிஷம் வாசலில் நின்று, வருகிற பிள்ளையிடம் சாப்பிட்டியா, அப்பா கடலுக்குப் போயிருக்காங்களா என்று கேளுங்கள். வீட்டிலேயே ஆபத்து என்று தெரிந்தால் 1098-க்குச் சொல்லத் தயங்காதீர்கள். ஓய்வு பெற்ற தோழிகள் வாரம் ஒரு மணி நேரம் பக்கத்துப் பள்ளியில் கதை சொல்ல வரலாம். தலைமையாசிரியைகளிடம் நான் பேசிக்கொள்கிறேன். விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு என்னிடம் பெயர் கொடுக்கலாம்.