குழியைத் திறந்து பாருங்கள்

2015-இல் வெள்ளத்தில் மிதந்த சென்னை, 2019 கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்துக் கிடந்தது. பெய்த மழையை நிலத்துக்குள் இறக்காமல் கடலுக்கு விரட்டியதும் இதற்கொரு காரணம். ஆயிரம் சதுர அடி மொட்டை மாடியில் ஒரு செ.மீ. மழை பெய்தாலே சுமார் 900 லிட்டர். மழைநீர் சேகரிப்பு 2003-லேயே தமிழகத்தில் கட்டாயமாகிவிட்டது. ஆனால் மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் குழியிலுள்ள கூழாங்கல்லையும் மணலையும் எடுத்து அலசிப் போடாவிட்டால் சேறு அடைத்துக்கொள்ளும். அப்புறம் சட்டம் காகிதத்தில்தான். "பேய்மழைக்கு வீட்டுக் குழி எம்மாத்திரம்?" என்பார்கள். நியாயம்தான், அதைத் தாங்க ஏரியும் சதுப்புநிலமும் வேண்டும். ஆனால் எல்லா மழையும் பேய்மழை இல்லையே! மழைநீர் வடிகால் மாநகராட்சியின் வேலை என்பதும் சரி. ஆனால் அதில் கழிவுநீர்க் குழாயைத் திருட்டுத்தனமாகச் சொருகுவது யார்? கூவமும் அடையாறும் நாறுவதில் அதற்கும் பங்குண்டு. ஐப்பசி பிறக்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருக்காரர்கள் கூடிக் குழிகளைத் திறந்து பாருங்கள்.