பள்ளம் யாருக்கு என்று அளப்போம்

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



சுற்றுச்சூழல் ஆய்வுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டீர்கள். நான் விலங்கியல் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார். சம்பந்தம் இருக்குன்னு சொல்லத்தான் வந்திருக்கிறேன். பிச்சாவரத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே, ஆத்துத்தண்ணியும் கடல்தண்ணியும் கலக்கிற இடத்தில் இருக்கிறது அந்தச் சுரபுன்னைக் காடு. காடு பட்டுப்போனபோது பழி யார்மேல் விழுந்தது? விறகு வெட்டினவன், மாடு மேய்ச்சவன் மேல். 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்ணையும் உப்பையும் அளந்தார்கள். வெளிவந்தது வேறு சங்கதி. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து 1970கள் வரை அரசாங்கமே கூப்புப் போட்டு மொட்டையாக வெட்டியிருக்கிறது. நிழல் போன மண் காய்ந்து தாழ்ந்தது. உள்ளே வந்த ஓதத்தண்ணி வடியாமல் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறிப்போனது. அதில் எந்தக் கன்று பிழைக்கும்? மீன்முள் மாதிரி வாய்க்கால் வெட்டி ஓதம் போய்வர வழி செய்தார்கள். கன்று நட்டார்கள். காடு திரும்பியது. சனங்கள் தலையில் இருந்த பழியை ஒரு ஆய்வு இறக்கி வைத்தது. ஆய்வெல்லாம் நமக்கெதுக்கு என்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையோரம் 18 குக்கிராமங்களை ஆய்ந்து 2005இல் எழுதினார்கள். கடலிலிருந்து தூரம், தரையின் உயரம், காட்டின் பரப்பு, இந்த மூன்றும் இழப்பைக் குறைத்தன என்றார்கள். அடுத்த வருசமே வேறு சிலர் அதே கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்து, தூரமும் உயரமும்தான் பெரிய காரணம், காடு அல்ல என்று மறுத்தார்கள். அந்த வாதம் நடக்கட்டும். அறிவியல் அப்படித்தான் வளரும்.

எனக்கு உறைத்தது ‘உயரம்’ என்கிற சொல். டெல்டாவில் மேடு யாருக்கு, பள்ளம் யாருக்குன்னு சேரிப்பிள்ளை ஒவ்வொண்ணுக்கும் தெரியும். ஊரில் வடிகிற மழைத்தண்ணி நம்ம தெருவில் வந்துதான் நிக்குது. ஆய்வுக்கு உயரம் ஒரு எண். நமக்கு அது சாதி. வீடு எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கு என்று கருவி சொல்லும். ஏன் அங்கே இருக்கு என்று அது சொல்லாது. அதை நாம்தான் கேட்கணும்.

பிச்சாவரத்து இருளர்களைப் பாருங்கள். வலையில்லாமல், ஓலைப்பறியைப் பல்லில் கவ்விக்கொண்டு, சேற்றுத்தண்ணியில் கையால் தடவி இறால் பிடித்து வந்த சனம். எந்த ஓதத்துக்கு எங்கே இறால் ஒதுங்கும் என்பது அவர்கள் கைக்குத் தெரியும். நான் படித்த ஆய்வேடுகள் பலவற்றில் அவர்கள் வெறும் ‘உள்ளூர் மக்கள்’. இறாலுக்கு ஊரில் ஒரு பேர், லத்தீனில் ஒரு பேர். பிடித்த ஆளுக்கு அங்கே ஒரு பேரும் இல்லை. 2022இல் பிச்சாவரம் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது, சந்தோசம். அந்தத் தண்ணியில் கைவிட்டுப் பிழைக்கிறவர்களின் உரிமை எந்தப் பட்டியலில் சேரும்?

முதல் தலைமுறையாய்ப் படிக்க வந்திருக்கிற தம்பி தங்கைகளே, உப்பும் ஆக்சிஜனும் அளக்கிற உங்கள் அட்டவணையில் இன்னொரு கட்டம் போடுங்கள்: இந்தத் தண்ணியை யார் குடிக்கிறார்கள், இந்தப் பள்ளத்தில் யார் இருக்கிறார்கள்? முகத்துவாரத்துத் தண்ணியோடு சேரிக் கிணத்துத் தண்ணியையும் குப்பியில் அள்ளிக்கிட்டு வாங்க. அளந்ததை அந்தத் தெருவிலேயே தமிழில் படிச்சுக் காட்டுங்க. சனங்க தப்புன்னு சொன்னா, திரும்பப் போய் அளங்க.