துணியில் தைத்த நாளேடு

நாட்குறிப்பு என்றவுடன் புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளையின் பெயர்தான் நம்மில் பலருக்கு நினைவுக்கு வரும். 1736ஆம் ஆண்டிலே எழுதத் தொடங்கியவர், 1761இல் மறையும் காலம் வரையில் கப்பல் வந்த சேதியையும், துய்ப்ளே துரையின் பேச்சையும், சரக்கின் விலையையும், வீட்டுக் கலியாணத்தையும் ஒரே ஏட்டில் எழுதி வைத்தார். கணக்கு எழுதிப் பழகிய கை அது. அக்கையால் எழுதப்பெற்றது பின்னாளில் வரலாறாயிற்று. நான் இன்று பேச வந்திருப்பது அத்தகைய பேரேட்டைப் பற்றியன்று. கீழவாஞ்சூரில் எங்கள் வீட்டில் ஐந்து பேர் கூடியிருந்து தைத்த, இருபத்து நான்கு பக்கங்களே கொண்ட ஒரு துணி ஏட்டைப் பற்றி.

ஏன் துணி? காகிதம் கிடைக்காத காலமா இது என்று நீங்கள் கேட்கலாம். காரணம் இரண்டு. முதலாவது, என் மாமியாருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. குடும்ப நாட்குறிப்பு ஒன்று எழுதலாம் என்று என் மகள் சொன்ன அன்று எல்லோரும் தலையசைத்தோம். அவர்கள் மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்கள். எண்பது வயதைத் தொடும் ஒருவர் இடம்பெறாத ஏட்டைக் குடும்ப ஏடு என்று எப்படிச் சொல்வது? ஆனால், அவர்கள் கையில் ஊசியைக் கொடுத்தால் எங்கள் நால்வரையும் வென்றுவிடுவார்கள்.

இரண்டாவது காரணம் கடல். 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது, எங்கள் பெட்டியிலிருந்த கடிதங்களும் நிழற்படங்களும் ஒன்றோடொன்று ஒட்டிக் கூழாகிவிட்டன. அதே பெட்டியில் சேறு படிந்து கிடந்த புடவைகளை நல்ல தண்ணீரில் நான்கு முறை அலசி வெயிலில் போட்டோம். கறை சிறிது நின்றதே தவிர, துணி துணியாகவே திரும்பி வந்தது.

இனி, செய்முறையைச் சொல்கிறேன். பழைய பருத்தித் துணியே பக்கங்களுக்கு ஏற்றது. பலமுறை துவைத்துத் தேய்ந்த வேட்டிக்கு ஈடான மென்மை கடையில் விற்கும் புதுத் துணிக்கு இல்லை. புதுத் துணிதான் வேண்டுமென்றால், ஓர் இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துக் கஞ்சியைப் போக்கி உலர்த்திய பிறகே வெட்டவேண்டும். இல்லையேல் தைத்த பின்பு சுருங்கி, பக்கங்கள் அப்பளம் போல நெளியும். பதின்மூன்று அங்குல நீளமும் ஒன்பது அங்குல அகலமுமாக இரண்டு துண்டுகளை வெட்டி, நான்கு ஓரங்களையும் அரை அங்குலம் உள்ளே மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓட்டுத் தையல் போட்டால் ஒரு தாள் ஆயிற்று. நடுவில் மடித்தால் நான்கு பக்கங்கள். இப்படி மூன்று தாள்களை ஒன்றினுள் ஒன்றாகச் செருகினால் ஒரு கட்டு. எங்கள் ஏட்டுக்கு இரண்டு கட்டுகள்.

கட்டைத் தைப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முறுக்கேறிய பருத்தி நூலைத் தேன்மெழுகில் இரண்டு தடவை இழுத்துக்கொள்ளுங்கள்; சிக்கு விழாது. மடிப்பின் மேல் மூன்று இடங்களில் புள்ளி வைத்து, நடுப்புள்ளியில் உள்ளிருந்து வெளியே ஊசியை விடுங்கள். மேல்புள்ளி வழியாக உள்ளே வந்து, நடுப்புள்ளியைத் தாண்டிக் கீழ்ப்புள்ளி வழியாக வெளியேறி, மீண்டும் நடுப்புள்ளி வழியாக உள்ளே வாருங்கள். அங்கே நூலின் இரு முனைகளும் நீண்ட தையலுக்கு இருபுறமும் நிற்கும். அதை அணைத்து இறுக முடிந்துவிட்டால் பல வருஷம் அவிழாது. மேலட்டையையும் சேர்த்தே இவ்வாறு தைக்கவேண்டும். எங்கள் மேலட்டை ஒரு கிழிந்த ஜமக்காளத்தின் நல்ல பாகம். அதைத் துளைக்க என் கணவர் சாக்கு தைக்கும் கோணி ஊசியைக் கொண்டுவந்தார். தையலில் அவர் ஆற்றிய பணி அம்மட்டே. ஆனால், அதைப் பற்றி அவர் பேசியது அதிகம்!

துணியில் எழுதுவது நமக்குப் புதிதன்று. சேங்கொட்டைச் சாற்றால் சலவைத் தொழிலாளர் இட்டு வந்த குறியை நினைத்துப் பாருங்கள். எத்தனை வெளுப்பு வெளுத்தாலும் அது போகாது. அச்சாறு தோலில் பட்டால் புண்ணாகும். ஆகையால் குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. நாங்கள் பென்சிலால் மெல்ல எழுதி, எழுத்தின் மேலேயே பின் தையல் போட்டோம். 'மழை' என்ற ஒரு சொல்லைத் தைக்க என் மகனுக்கு ஒரு மாலைப் பொழுது முழுவதும் ஆயிற்று. இதில் ஒரு நன்மை உண்டு. வீண் சொல் ஒன்றுகூட ஏட்டில் ஏறுவதில்லை!

வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளை அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே உருவிய நூலால் 'காந்தா' தைத்தார்கள். தம் வீட்டையும் ஊரையும் அதில் ஊசியால் தீட்டினார்கள். நீலகிரியில் தோடர் குலப் பெண்கள் வெள்ளைத் துணியில் சிவப்பும் கறுப்புமாக, இழையை எண்ணி எண்ணிப் பூவேலை செய்கிறார்கள். அவ்வேலைக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் புதுச்சேரியில் சாயம் தோய்த்த நீலத்துணி கப்பலேறி, ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டில் நாணயத்துக்கு ஈடாகவே கைமாறிய காலமும் ஒன்று இருந்தது. இவற்றையெல்லாம் தைக்கும்போது பேசிக்கொண்டிருந்தோம். கைபேசியைத் தடுத்து நான் யாரிடமும் சண்டை பிடிக்கவில்லை. ஒரு கையில் துணியும் மறு கையில் ஊசியும் இருந்தால் அதைப் பிடிக்கக் கை ஏது?

என் மாமியாரின் பக்கத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர்களிடம் ஒரு கூறைப்புடவை இருக்கிறது. மாயூரத்தை அடுத்த கூறைநாட்டில் நெய்தது, பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட மணப்புடவை. அதில் ஒரு சாண் வேண்டும் என்று என் மகள் கேட்டாள். "அதெல்லாம் ஆகாது" என்று அவர்கள் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள். நானும் அவளை அடக்கி வைத்தேன். ஏறக்குறைய ஒரு மாதம் சென்றபின் ஒரு நாள் பிற்பகல், கத்தரிக்கோலைக் கேட்டு வாங்கி, கொசுவத்துக்குள் மறையும் உள்முனையிலிருந்து தாமே ஒரு சாண் வெட்டினார்கள்.

அத்துண்டைப் பக்கத்தில் பதித்து, அதன்மேல் நீல நூலால் ஏழு நேர்க்கோடுகள் தைத்தார்கள். ஐந்தாவது கோடு பாதியிலே நின்று, இரண்டு விரற்கடை விட்டு மறுபடி தொடங்குகிறது.

"அப்பாயி, இங்கே நூல் தீர்ந்துபோச்சா?" என்று மகள் கேட்டாள்.

"தீரலைடி கண்ணு. பட்டினச்சேரியிலே உன் சின்னத் தாத்தா இருந்தானே, அவன்" என்றார்கள்.

பேரலையில் போன தம்பியைப் பற்றி அவர்கள் இத்தனை ஆண்டுகளில் எங்களிடம் வாய் திறந்ததில்லை. அன்று விளக்கு வைத்த பிறகும் பேச்சு நீண்டது. அவர்கள் சிறுமியாயிருந்தபோது வாஞ்சூருக்கு இப்பால் பிரஞ்சு மண், அப்பால் வேறு அரசு. 1954 நவம்பரில் ஆட்சி கைமாறும் வரையில் நாகூர்க் கந்தூரிக்குப் போவதே எல்லை தாண்டும் பயணம். தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாவடியைக் கடந்ததும், கூட்டத்தில் அவன் கையை விடாமலிருந்ததும் அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தன. என் மகன் அதைக் கேட்டுத் தன் பக்கத்தில் இரண்டு சிறிய உருவங்களைச் சங்கிலித் தையலில் போட்டிருக்கிறான். உருவங்கள் கோணல்தான், கைகள் மட்டும் சேர்ந்திருக்கின்றன. பிரித்துத் திருத்தித் தருகிறேன் என்றேன். என் மாமியார் ஏட்டை வாங்கித் தம் மடியில் வைத்துக்கொண்டார்கள்.

முதல் ஏடு நிறைந்துவிட்டது. இரண்டாவதற்கு வேட்டித் துணி வாளியில் ஊறுகிறது. மேலட்டைக்குக் கைலித் துணியா, காடாத் துணியா என்பதில் வீட்டில் இன்னும் வழக்குத் தீரவில்லை.