சில நூறு மீட்டருக்குள் ஒரு பூ



மண்ணுக்குரிய செடிகளையும் அவற்றின் மகரந்தத்தைச் சுமக்கும் சிற்றுயிர்களையும் பற்றிப் பேச, கொச்சியின் இந்த மட்டாஞ்சேரியைவிடப் பொருத்தமான ஊர் எனக்குத் தெரியவில்லை. பஜார் ரோட்டுக் கிடங்குகளில் அடுக்கியிருக்கும் ஏலக்காய் மூட்டைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏலப்பூ விடியலில் விரிந்து ஒரே நாளில் வாடிவிடும். அந்தப் பகலுக்குள் தேனீ வந்து போனால்தான் காய் பிடிக்கும். ஜாதிக்காயில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. இரண்டுக்கும் இடையே போய்வருபவை எளிதில் கண்ணில் படாத சிறு வண்டுகள். மிளகுக்குப் பெரும்பாலும் மழைத்துளியே போதும். வெனிலாவோ மெக்சிகோவிலிருந்து வந்த கொடி. அதன் பூவைத் திறக்கத் தெரிந்த தேனீ இங்கே இல்லை. 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த முறைப்படி, கேரளத்து விவசாயி இன்றும் ஒவ்வொரு பூவையும் குச்சியால் விலக்கிக் கையாலேயே மகரந்தம் சேர்க்கிறார். செடியை மட்டும் கப்பலேற்றி, அதன் பூச்சியை விட்டுவிட்டு வந்ததால் விழுந்த வேலை அது.

1670-களில் கொச்சியில் டச்சுத் தளபதியாக இருந்த ஹென்றிக் வான் ரீட் உருவாக்கிய ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ் என்ற தாவர நூல், 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சாயிற்று. அதன் அறிவு இட்டி அச்சுதன் வைத்தியருடையது; ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்ற மூன்று கொங்கணி அறிஞர்களுடையது. 2025 தொடக்கத்தில் மறைந்த பேராசிரியர் கே. எஸ். மணிலால் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டு அதை ஆங்கிலத்துக்கும் மலையாளத்துக்கும் கொண்டுவந்தார். அந்த நூலைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும். ஆனாலும் அது பெரும்பாலும் வைத்தியரின் கண்ணால் பார்த்த தாவர உலகம்: வேர் எதற்கு ஆகும், இலை எந்த நோய்க்கு. இந்தப் பூவைத் தேடி யார் வருகிறார்கள் என்ற வரியை ஒவ்வொரு செடிக்கும் நேராக எழுத வேண்டியது நம் காலத்து வேலை. இந்தக் கருத்தரங்கம் அதற்காகத்தான் கூடியிருக்கிறது என்று கருதுகிறேன்.

அதற்கு எடுத்துக்காட்டாகக் கருடக்கொடியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டு வைத்தியர் ஈஸ்வரமூலி என்பார்கள். தென்னிந்தியாவுக்கே உரிய பொன்னழகி, அதாவது மலையாளிகள் கருடசலபம் என்று அழைக்கும் அந்தப் பெரிய வண்ணத்துப்பூச்சி, இந்தக் கொடியிலும் இதன் நெருங்கிய உறவான சில செடிகளிலும்தான் முட்டையிடும். அதன் புழுவுக்கு வேறு இலை ஆகாது. இலையிலுள்ள நச்சைப் புழு தன் உடம்பில் சேர்த்துவைக்கிறது. பறவைகள் அதைத் தின்னத் தயங்குகின்றன. இனி கொடியின் பக்கம் பாருங்கள். அதன் குழல் போன்ற பூவுக்குள் இறங்கும் சிறு ஈக்களை உள்ளிருக்கும் மயிர்கள் வெளியேற விடாமல் தடுக்கும்; மகரந்தம் உதிர்ந்து, மயிர்கள் வாடிய பிறகே ஈக்களுக்கு விடுதலை. ஆக, ஒரே கொடி இலையால் ஒரு பூச்சியை வளர்க்கிறது. விதை பிடிக்க வேறொரு பூச்சியை நம்பியிருக்கிறது. நாமோ உண்ணிச்செடியை வேலி நிறைய வளர்த்துவிட்டு, வண்ணத்துப்பூச்சி வருகிறதே என்று மகிழ்கிறோம். வருவது உண்மை, தேனும் கிடைக்கிறது. ஆனால் அது முட்டையிட இலை எங்கே?

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்தது இன்னும் கொடுமை. அழகுக்காகத் தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுபோன, இதே குடும்பத்துக் கொடி ஒன்று அங்கே பரவியது. அந்நாட்டு ரிச்மண்ட் பொன்னழகி, தன் கொடி என்று நம்பி அதில் முட்டையிட்டது. இலையைத் தின்ற புழுக்கள் செத்தன. அங்குள்ளவர்கள் 1990-களில் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே சுதேசிக் கொடியை ஊரெங்கும் நடச் செய்தார்கள். நம் நாற்றுப்பண்ணைகளிலும் அத்தகைய அயல்கொடிகள் விற்பனைக்கு இருக்கின்றன. வாங்கும் முன் இலையையும் பூவையும் தெரிந்தவரிடம் காட்டிக் கேளுங்கள். அந்த நாற்றுக்குப் பூச்சிமருந்து தெளித்தார்களா என்றும் கேளுங்கள். தெளித்த கொடியும் புழுவைக் கொல்லும்.

ஓணத்து அத்தப் பூக்களத்தின் பக்கம் வருவோம். தும்பை, முக்குற்றி, செத்தி, காக்கப்பூ என்று வீட்டைச் சுற்றியும் வயல் வரப்பிலும் பறித்து வந்து போட்ட களம் அது. நீண்ட குழலுள்ள செத்திப்பூவின் தேன் வண்ணத்துப்பூச்சியின் உறிஞ்சுகுழலுக்கு எட்டும். சிறிய தும்பைக்குச் சிறு தேனீக்கள் வரும். இன்று பூ தோவாளையிலிருந்து லாரியில் வருகிறது, பெரும்பாலும் கேந்தி. தோவாளை விவசாயியின் பிழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. அவர் பூ விற்கட்டும், வாங்குவோம். அதோடு முற்றத்தின் ஓரத்தில் ஒரு முழம் இடத்தில் தும்பை தானாக முளைத்தால் அதைக் களை என்று பிடுங்காமல் விட வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

மட்டாஞ்சேரியில் தோட்டம் போட இடம் ஏது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொசுத்தேனீ, இங்கே செறுதேனீச்ச என்பார்கள், சில நூறு மீட்டருக்கு அப்பால் இரை தேடிப் போவதில்லை. ஜூ டவுனில் கூடு இருந்தால் பாலஸ் ரோட்டுப் பக்கத்துக்குள்ளேயே அதற்குப் பூ வேண்டும். அதனால் பெரிய பூங்கா தொலைவில் ஒன்று இருப்பதை விட, தெருவில் பத்து வீட்டு வாசலில் துளசியும் செத்தியும் தும்பையும் இருப்பது அதற்கு உதவும். அது குடியிருக்கும் இடமோ பழைய வெட்டுக்கல் சுவரின் பொந்து. பிசினும் மெழுகும் கலந்த சிறு குழாய் வெளியே நீட்டியிருக்கும். பழைய கட்டடங்களைப் புதுப்பிப்போர் சிமெண்டு பூசி இந்தப் பொந்துகளை அடைத்துவிடுகிறார்கள். மேஸ்திரிகளிடமும் கட்டடக் கலைஞர்களிடமும் இந்த அவை பேசியாக வேண்டும். அதேபோல் கொசுவுக்கு அடிக்கும் புகை. கொச்சிக்காரருக்குக் கொசுத்தொல்லை எவ்வளவு என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தப் புகைக்குக் கொசுவும் தேனீயும் ஒன்றுதான். தேங்கிய நீரை அகற்றுவது முதலில், புகை கடைசியில் என்ற முறையை மாநகராட்சியிடம் வற்புறுத்த நமக்குக் காரணம் இருக்கிறது.

கல்வத்தி, ராமேஸ்வரம் கால்வாய்க் கரைகளுக்குக் கண்டல் இனங்கள் உண்டு. சக்கரக்கண்டல் இரவில் பூத்து வௌவாலை அழைக்கிறது. கழுதைமுள்ளிக்கு மரம் துளைக்கும் கருவண்டு வருகிறது. கால்வாயைத் தூர்வாரும்போது கரை முழுவதையும் கான்கிரீட் சுவராக்காமல் இவற்றுக்கு மண் விட முடியுமா என்பதைப் பொறியாளர்கள் நாளைய அமர்வில் விளக்க வேண்டும்.

கட்டுரை படிப்பவர்களுக்கு ஒரு விண்ணப்பம். செடியின் பெயரோடு நின்றுவிடாதீர்கள். விதை எங்கே கிடைக்கும், எந்த மாதம் பூக்கும், பகலில் வருவது எது, இரவில் வருவது எது, புழு தின்பது எந்த இலை என்று மலையாளத்திலும் தமிழிலும் கொங்கணியிலும் குஜராத்தியிலும், இந்தத் தெருக்களில் பேசும் அத்தனை மொழியிலும், எழுதித் தாருங்கள். இரண்டு நாளும் முடிந்து கலையும் முன்பு, மட்டாஞ்சேரி வாசலுக்கு ஏற்ற செடிகளின் பட்டியல் ஒன்று இங்குள்ள வீட்டுக்காரர்கள் கையில் இருக்க வேண்டும். முதல் அமர்வு கொசுத்தேனீயைப் பற்றியது. கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.